அறுபது நாள் காய்ந்த மரம்: அனாபொலிஸ் தீவிபத்து, 2015

2015 ஜனவரி 19, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அனாபொலிஸ் நகருக்கு அருகே நீர்க்கரையில் இருந்த ஒரு பெரிய வீடு அதிகாலை மூன்றரை மணியளவில் தீப்பற்றி எரிந்தது. பதினாறாயிரம் சதுர அடி வீடு. உள்ளே தாத்தா, பாட்டி, அவர்களோடு இரவு தங்க வந்திருந்த நான்கு பேரக்குழந்தைகள். ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அலாரம் கண்காணிப்பு நிறுவனமும் பக்கத்து வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தகவல் கொடுத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தபோது தீ வீட்டை முழுதாகப் பிடித்திருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் போராடினார்கள். இடிபாடுகளுக்குள் போய் எல்லோரையும் கண்டெடுக்கவே பல நாள் ஆனது.

அவ்வளவு பெரிய வீடு அவ்வளவு வேகமாக எரிந்ததால், யாராவது வைத்த தீயோ என்ற சந்தேகம் முதலில் இருந்தது. தீவைப்பு, வெடிபொருள் குற்றங்களை விசாரிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பின் சிறப்புக் குழு வந்து, கவுண்டி (மாவட்ட) தீயணைப்புத் துறையோடு சேர்ந்து சாம்பலைச் சலித்தது. ஜனவரி இறுதியில் முடிவை அறிவித்தார்கள். இது விபத்துதான். வீட்டின் பெரிய கூடத்தில் கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்த பிளக் பாயிண்டில் ஏற்பட்ட கோளாறுதான் தொடக்கம். அங்கிருந்து தீ மரத்துக்குத் தாவியது. மரம் 15 அடி உயர ஃபிரேசர் ஃபிர் என்ற ஊசியிலை மரம். வெட்டி 60 நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த அறிவிப்பு செய்தியானபோது எல்லோர் கண்ணும் பிளக் பாயிண்ட் மேல்தான் விழுந்தது. மின்கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு வெட்டி அறுபது நாள் என்ற அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. பிளக் பாயிண்டுக்குள் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லாமல் இருந்திருக்கலாம். மரம் எத்தனை நாளாக நிற்கிறது என்பது அந்த வீட்டுக்குள் வந்துபோன எல்லோருக்கும் தெரியும். தீ தொடங்கும் இடத்தை முன்கூட்டிச் சொல்வது கடினம். தொடங்கிய தீ எதைத் தின்னப் போகிறது என்பது கண் முன்னால் நிற்கிறது. பண்டிகைக் காலப் பாதுகாப்பைப் பற்றிய என் வாதம் முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

நாட்கணக்கு

ஜனவரி 19-லிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் 20 வருகிறது. அமெரிக்காவில் பண்டிகைக் காலத்தைத் தொடங்கிவைக்கும் நன்றியறிதல் நாள் 2014-இல் நவம்பர் 27. அதாவது பண்டிகைக் காலம் தொடங்கும் முன்பே வெட்டப்பட்ட மரம், புத்தாண்டும் முடிந்து மூன்றாவது வாரத்தில் இன்னும் கூடத்தில் நின்றிருக்கிறது. இது அபூர்வமான அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தைச் சீக்கிரம் வைத்து மெதுவாக எடுப்பது அங்கே ஏராளமான வீடுகளில் நடப்பதுதான். குழந்தைகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்பார்கள். அதற்குள் பள்ளி திறந்துவிடும், வேலை தொடங்கிவிடும், எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும்.

புதிதாக வெட்டிய ஃபிர் மரத்தின் ஊசியிலைகளில் உலர்ந்த எடையைவிட அதிகமான எடைக்குத் தண்ணீர் இருக்கும். தீ முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். அதற்கே வெப்பம் செலவாகிவிடுவதால் சின்னச் சுடர் ஒன்று பட்டாலும் பெரும்பாலும் பரவாமல் அணைந்துபோகும். வெட்டிய மரத்துக்கு வேர் இல்லை, தண்டு வழியாக உறிஞ்சுவது மட்டும்தான். வெட்டிய இடத்தில் பிசின் கசிந்து அடைத்துக்கொண்டால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் அடித்தண்டில் ஓர் அங்குலம் புதிதாக அறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றும் தாங்கியில் நிறுத்தச் சொல்கிறார்கள். முதல் நாளில் நடுத்தர மரம் ஒன்று நான்கு லிட்டர் வரை குடித்துவிடக்கூடும். தாங்கியில் தண்ணீர் ஒரு தடவை வற்றினாலே பிசின் அடைக்கத் தொடங்கும், பிறகு ஊற்றும் தண்ணீர் ஏறாது. பலர் தாங்கியில் தண்ணீர் குறையவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அதுதான் எச்சரிக்கை, மரம் குடிப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

தினமும் தண்ணீர் ஊற்றினாலும் மரம் காய்வதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. கதகதப்பாக வைத்திருக்கும் வீட்டின் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கோ கணப்புக்கோ பக்கத்தில் மரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் காயும். நான்கு வாரத்துக்கு மேல் எந்த மரமும் வீட்டுக்குள் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நவம்பரிலேயே மரம் வேண்டும் என்கிறவர்கள் தீத்தடுப்புச் சான்று பெற்ற செயற்கை மரம் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் எரியாத பொருள் கிடையாது, ஆனால் பற்றிக்கொள்ள அதிக நேரம் எடுக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கிளையை விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுத்தால் இலைகள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அல்லது மரத்தை லேசாக ஆட்டினால் தரையில் பொலபொலவென்று உதிரும். அந்த நிலைக்கு வந்த மரம் அன்றைக்கே வெளியே போக வேண்டும், தேதி டிசம்பர் 20 ஆக இருந்தாலும் சரி. வெளியே என்றால் முற்றத்துக்கு. கார் ஷெட்டிலோ வீட்டுச் சுவரோரமாகவோ சாய்த்து வைத்தால் ஆபத்தை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

ஒரு நிமிடம்

காய்ந்த மரம் எரிவதை அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் பலமுறை சோதித்துப் படம் எடுத்திருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். கீழ்க்கிளையில் தொட்ட சுடர் சில நொடிகளில் உச்சிக்குப் போய்விடுகிறது. கூரையில் மோதித் திரும்பும் வெப்பம் சோபா, திரைச்சீலை, கம்பளம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கிறது. அறை முழுதும் பற்றிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றிப் பராமரித்த இன்னொரு மரத்தையும் வைத்துக் காட்டுவார்கள். அது தயங்கித் தயங்கி எரியும்.

இந்த வேகத்துக்குக் காரணம் இலையின் வடிவம். ஊசியிலை மெல்லியது, அதன் எடைக்குப் பரப்பு மிக அதிகம், சுற்றிலும் காற்று. உள்ளே எண்ணெயும் பிசினும். இந்த மரங்கள் எரியும்போது வெளிப்படும் வெப்பம் மெகாவாட் கணக்கில் வரும். ஒரே ஒரு மெகாவாட் வெப்பத்துக்கு 1,500 வாட் அறை ஹீட்டர்கள் 660-க்கு மேல் ஒன்றாக எரிய வேண்டும். சோதனைக் கூடத்தில் எரித்தவை எல்லாம் சராசரி வீட்டில் வைக்கும் உயரம் கொண்ட மரங்கள். அனாபொலிஸ் மரம் 15 அடி.

மரம் அணைந்த பிறகும் தீ ஏன் நிற்கவில்லை? யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு, பழைய பாணி மரச் சாமான்களும் பருத்தியும் நிரப்பிய அறையையும், இன்றைய ஃபோம், பாலியஸ்டர் சாமான்கள் நிரப்பிய அறையையும் ஒரே மாதிரி கொளுத்திப் பார்த்தது. பழைய அறை முழுவதும் பற்றிக்கொள்ள அரைமணி நேரம் அளவுக்கு ஆனது. புதிய அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்படிப்பட்ட அறைக்கு நடுவில் காய்ந்த மரத்தை வைத்தால் அந்த ஐந்து நிமிடமும் போய்விடுகிறது. அதிகாலை மூன்றரை மணிக்குத் தூங்குகிற குழந்தை எழுந்து, பயந்து, யோசித்து, வெளியே வர எவ்வளவு நேரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிளக் பாயிண்ட்

சரி, தொடக்கப் புள்ளியைத் தடுக்கவே முடியாதா? ஓரளவு முடியும்.

பிளக் பாயிண்ட் கோளாறுகளில் அடிக்கடி காணப்படுவது தளர்ந்த இணைப்பு. உள்ளே கம்பியை இறுக்கிய திருகு தளர்ந்துவிட்டால், அல்லது பிளக்கின் கால்களைப் பிடிக்கும் தகடு இளகிவிட்டால், அந்த ஒரு புள்ளியில் மின்தடை ஏறும். மின்தடை இருக்கும் இடத்தில் சூடு. மின்னோட்டம் வழக்கமான அளவுதான் ஓடுகிறது என்பதால் சாதாரண பிரேக்கருக்கு எதுவும் தெரியாது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பிரேக்கர் விழவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் மிக அதிகம்.

ஆனால் இந்தக் கோளாறு சில அடையாளங்களைக் காட்டும். பிளக்கைத் தொட்டால் கதகதப்பு, மூடித்தகட்டில் பழுப்பு, மெல்லிய ரீங்காரம், விளக்குகள் காரணமில்லாமல் மினுங்குவது, பிளக் ஆடுவது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தில் உள்ள சிக்கல் என்னவென்றால், மரம் வைத்ததும் அந்தப் பிளக் பாயிண்ட் கண்ணில் படாது. கிளைகள் மறைக்கும், அடியில் சுற்றிய துணி மறைக்கும், பரிசுப் பொட்டலங்கள் மறைக்கும். கோளாறு வந்தால் முதலில் பற்றிக்கொள்ளக்கூடிய பொருட்களை நாமே அதன் மேல் கொண்டுபோய்க் குவிக்கிறோம். மரத்தை அலங்கரிக்கும் முன் சீரியல் விளக்கை மட்டும் செருகி ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிளக்கையும் சுற்றுத் தகட்டையும் தொட்டுப் பார்ப்பது நல்லது. பிளக்கைத் துணியும் பொட்டலமும் இல்லாத, கை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் மின்விளக்கு என்பதே பாதுகாப்புக்கான முன்னேற்றம்தான். அதற்கு முன்பு மரக்கிளைகளில் நிஜ மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தார்கள். 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன மின்விளக்குகளை எரியவிட்டார். இன்று எல்இடி வந்த பிறகு மின்னோட்டமும் சூடும் வெகுவாகக் குறைந்துவிட்டன. பழைய இழை பல்பு சரங்களை இன்னும் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கிப் போட வேண்டும் என்றே சொல்வேன். எல்இடியாக இருந்தாலும் தூங்கப் போகும்போது அணைத்தாக வேண்டும். எரியாத விளக்கின் வழியாக மின்னோட்டம் ஓடாது, மின்னோட்டம் இல்லாத தளர்ந்த இணைப்பு சூடாகாது. ஒரு டைமர் வாங்கி வைத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

தண்ணீர் இருந்தும்

அனாபொலிஸ் வீட்டைச் சுற்றித் தீயணைப்புக் குழாய், அதாவது ஹைட்ரண்ட், இல்லை. டேங்கர் லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், தீயணைப்புப் படகும் வந்தது. செய்திகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காய்ந்த மரம் முதல் நிமிடத்தில் செய்துவிட்டதை, பத்தாவது நிமிடத்தில் வாசலில் இருக்கும் ஹைட்ரண்ட் திருப்பிவிடாது. முதல் நிமிடத்தில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இருந்தால்தான் பயன், அதற்குக் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும்.

அந்த வீடு கட்டப்பட்டது 2005-இல். அந்தக் கவுண்டி புதிய வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது 2009-இல். நான்கே ஆண்டு இடைவெளி. ஸ்பிரிங்க்ளர் என்றதும் சினிமாவில் வருவதுபோல் வீடு முழுக்க மழை பெய்யும் என்று நினைத்து வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு தலைக்கும் தனி வெப்ப அடைப்பு இருக்கிறது. வீடுகளில் பொதுவாக 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், சூடு பட்ட தலை மட்டும் திறக்கும். உயரமான கூடத்தில் 15 அடி காய்ந்த மரத்தை அது அணைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சுற்றியிருந்த சாமான்களை நனைத்து, படுக்கை அறைகளுக்குத் தீ போவதைத் தாமதப்படுத்தியிருக்கும் என்று சொல்ல முடியும். தப்பிக்க அந்தத் தாமதம்தான் தேவை.

மற்ற மூன்று விபத்துகள்

அனாபொலிஸோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மூன்று விபத்துகள் இருக்கின்றன. மூன்றும் இதே பருவத்தில் நடந்தவை.

2011 கிறிஸ்துமஸ் அதிகாலை, கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு வீடு. கணப்பில் எரிந்த கட்டைகளின் தணலை அள்ளி வீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். அது அணைந்திருக்கவில்லை. மூன்று சிறுமிகளும் அவர்களுடைய தாத்தா பாட்டியும் இறந்தார்கள். வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால் புகை அலாரங்களை இன்னும் இணைத்திருக்கவில்லை. சாம்பல் வெப்பத்தைத் தன்னுள் பொத்தி வைத்துக்கொள்ளும். மேலே கைவைத்தால் ஆறிவிட்டதுபோல் இருக்கும், உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி வைப்பது ஒன்றுதான் வழி. அட்டைப்பெட்டியும் பையும் கூடவே கூடாது.

2022 ஜனவரி 5, பிலடெல்ஃபியாவின் ஃபேர்மவுண்ட் பகுதி. ஐந்து வயதுக் குழந்தை லைட்டரை வைத்து விளையாடியதில் கிறிஸ்துமஸ் மரம் பற்றிக்கொண்டது. ஒன்பது குழந்தைகள் உட்பட பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் வசித்த தளங்களில் எச்சரிக்கக்கூடிய நிலையில் ஒரு புகை அலாரமும் இல்லை. அனாபொலிஸில் தொடங்கியது மின்சாரம், இங்கே லைட்டர். இரண்டிலும் எரிபொருள் ஜனவரி மாதத்து மரம். பொறி எத்தனை வகையாகவும் வரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்கே நாள் கழித்து, ஜனவரி 9. நியூயார்க் பிராங்ஸில் 19 மாடிக் குடியிருப்பு. கீழ் மாடிகளில் இருந்த வீடொன்றின் படுக்கை அறையில் விடாமல் ஓடிக்கொண்டிருந்த மின்ஹீட்டரில் தீ. எரிந்தது அந்த வீடும் அதன் வாசல் நடையும்தான். ஆனால் எட்டுக் குழந்தைகள் உட்பட பதினேழு பேர் புகையில் இறந்தார்கள். குடும்பத்தினர் வெளியே ஓடியபோது தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. திறந்த கதவு வழியாகப் புகை படிக்கட்டுக்கு வந்து மேல் மாடிகளுக்கு ஏறிவிட்டது. அங்கே அலாரம் அடித்தது. காரணமில்லாமல் அடிக்கடி அடித்துப் பழகிய அலாரம் என்பதால் பலர் முதலில் பொருட்படுத்தவில்லை.

கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது செலவே இல்லாத பாதுகாப்பு. சாதாரண படுக்கை அறைக் கதவு மூடியிருந்தால் போதும், வெளியே கூடம் எரியும்போது உள்ளே மூச்சு விடக்கூடிய நிலை பல நிமிடம் நீடிக்கும். யூஎல் நடத்திய சோதனைகளில் திறந்த அறையும் மூடிய அறையும் அடுத்தடுத்து இருக்க, ஒன்று கரிக்கட்டையாகவும் மற்றொன்று சுவர் வண்ணம் மாறாமலும் நின்றிருக்கின்றன. குழந்தை கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று கதவைத் திறந்து வைக்கும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. அதற்குக் குழந்தை அறைக்குள்ளேயே ஒரு புகை அலாரம், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்தது, நல்ல பதில்.

டிசம்பரின் மற்ற பொறிகள்

எண்ணிக்கையில் பார்த்தால் மரத் தீ குறைவு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 150 முதல் 160 வீட்டுத் தீ மட்டுமே கிறிஸ்துமஸ் மரத்தில் தொடங்குகின்றன. சமையலறைத் தீ அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் மரத்தில் தொடங்கும் தீ சமையலறைத் தீயைப் போல மூடிபோட்டு அணைக்க நேரம் கொடுக்காது.

அடுப்பில் எண்ணெய் இருக்கும்போது சமையலறையை விட்டு நகரக் கூடாது. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். மெழுகுவத்தித் தீ டிசம்பரில்தான் உச்சம் தொடுகிறது. பேட்டரி மெழுகுவத்திகள் இப்போது பார்க்க அழகாகவே இருக்கின்றன, அவற்றுக்கு மாறிவிடலாம். மின்ஹீட்டரை எரியும் பொருளிலிருந்து மூன்றடி தள்ளி, நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் கார்டு அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. தூங்கும்போது அணைத்துவிட வேண்டும். புகை அலாரத்துக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள், பின்புறத்தில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும்.

விருந்தினர் அறை

அனாபொலிஸில் பேரக்குழந்தைகள் தாத்தா வீட்டில் இருந்தார்கள். ஸ்டாம்ஃபோர்டில் தாத்தாவும் பாட்டியும் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விடுமுறைக் காலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் இருக்கும். வழக்கமில்லாத அறையில், வழக்கமில்லாத கட்டிலில் தூங்குகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள். இருட்டில் புகை சூழ்ந்தால் கதவு எந்தப் பக்கம் என்று அவர்களுடைய உடம்புக்குத் தெரியாது. தன் வீட்டிலேயே வாரத்தில் ஏழு நாளும் படுக்கிறவருக்கு அந்த நினைவு கைகளில் இருக்கும்.

ஆகவே விருந்தினர் வந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போது, அந்த அறையிலிருந்து வெளியேறும் இரண்டு வழிகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஜன்னல் ஒரு வழி என்றால் அதைக் குழந்தையின் கையாலேயே ஒருமுறை திறக்க வைத்துப் பாருங்கள். பெயிண்ட் ஒட்டிக்கொண்டோ கொக்கி துருப்பிடித்தோ இருந்தால் அப்போதுதான் தெரியும். மாடி அறையாக இருந்தால் ஜன்னலில் மாட்டித் தொங்கவிடும் மடக்கு ஏணி கிடைக்கிறது. சின்னக் குழந்தை இருந்தால் அதைக் கூட்டிவரும் பொறுப்பு எந்தப் பெரியவருக்கு என்று பெயர் சொல்லித் தீர்மானித்துவிடுங்கள். எல்லோரும் வெளியே வந்து சேர வேண்டிய இடத்தையும் முடிவு செய்யுங்கள். தெருமுனையில் உள்ள விளக்குக் கம்பமாக இருக்கலாம், எதிர்வீட்டுத் தபால்பெட்டியாகவும் இருக்கலாம். யாரையும் திரும்ப உள்ளே போகவிடாமல், அங்கே நின்று தலை எண்ணிவிட்டு, அங்கிருந்தே அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும்.